முன்பக்கம் ‘டொக்’ சத்தம்: லிங்க் ராடா, லோயர் ஆர்மா, ஸ்ட்ரட் மவுண்டா?

மூன்றாம்கியர் (#1)

வண்டி: முன்சக்கர இழுவை ஹேட்ச்பேக், முன்னால் மேக்ஃபர்சன் ஸ்ட்ரட் (ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒரே தூணாகச் சேர்ந்தது), எலக்ட்ரிக் பவர் ஸ்டீயரிங். ஓட்டம் 82,000 கி.மீ. முன்பக்க சஸ்பென்ஷனில் எதுவும் இதுவரை மாற்றியதில்லை.

சத்தம் மூன்று விதம்.

ஒன்று: 20–30 கி.மீ. வேகத்தில் சின்னச் சின்ன மேடுபள்ளத்தில் இடது முன்பக்கம் ‘டொக் டொக்’. அகலமான வேகத்தடையில் நேராக, மெதுவாக ஏறி இறங்கினால் சத்தமே இல்லை.
இரண்டு: ரிவர்ஸ் எடுத்து பிரேக் மிதித்தால் ஒரே ஒரு ‘டக்’.
மூன்று: நின்ற இடத்தில் ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்தால் ‘டொய்ங்’.

ஒர்க்‌ஷாப்பில் லிஃப்டில் ஏற்றி சக்கரத்தை ஆட்டிப் பார்த்துவிட்டு எல்லாம் டைட்டாக இருக்கிறது என்கிறார்கள். அடுத்த வாக்கியத்திலேயே லிங்க், ஆர்ம், ஷாக், ரேக் (ஸ்டீயரிங்கின் திருப்பலைச் சக்கரங்களுக்குக் கொண்டுபோகும் பல் கம்பி) எல்லாவற்றையும் மொத்தமாக மாற்றிவிடலாம் என்கிறார்கள். எதை எந்த வரிசையில் பார்ப்பது?

திருப்புளி (#2)

மூன்றும் தனித்தனிக் கேஸ். ஒன்றாகப் போட்டுக் குழப்பினால் பில்தான் பெருகும்.

முதல் சத்தத்துக்கு நீங்களே பாதி விடை எழுதிவிட்டீர்கள். ஸ்டெபிலைசர் பார் என்பது இடது, வலது சக்கரங்களை இணைக்கும் முறுக்குக் கம்பி. இரண்டு சக்கரமும் ஒரே நேரத்தில் வேகத்தடையில் ஏறினால் அது தன் புஷ்ஷுக்குள் (ரப்பர் உறை) சும்மா சுழன்றுவிடும். முறுக்கு ஏறாது, கம்பியின் நுனியை ஸ்ட்ரட்டோடு இணைக்கும் லிங்க் ராடில் சுமையும் வராது. ஒரு சக்கரம் மட்டும் பள்ளத்தில் இறங்கும்போதுதான் கம்பி முறுக்கிக்கொள்ளும். அப்போது லிங்க்கின் பால் ஜாயிண்ட் (உருண்டை மூட்டு) ஒரு தடவை இழுபடும், மறு தடவை தள்ளுப்படும். அதற்குள் அரை மில்லிமீட்டர் ஆட்டம் இருந்தாலே ‘டொக்’ கேட்டுவிடும். ஆகவே பட்டியலில் முதலில் லிங்க், அடுத்து ஸ்ட்ரட்டின் மேல் மவுண்ட், அதற்கடுத்து பிரேக் பேட்.

இரண்டாவது சத்தம் முன்பின் விசையில் வருகிறது. லோயர் ஆர்மின் (சக்கரத்தை அடியில் பிடித்திருக்கும் கை) பின் புஷ், சப்ஃபிரேம் (ஆர்ம்கள் மாட்டியிருக்கும் அடிச்சட்டம்) போல்ட், கேலிபர் (பேட்டை டிஸ்க்கில் அழுத்தும் பாகம்) பிராக்கெட்டில் நகரும் பேட், இந்த மூன்றில் ஒன்று.

மூன்றாவது, பெரும்பாலும் ஸ்ட்ரட்டின் மேல் பேரிங் இறுகிப்போய், சுருள் ஸ்பிரிங் சுழல முடியாமல் முறுக்கேறி, சட்டென்று விடுபடுவது.

இதெல்லாம் சந்தேகம் மட்டும். எந்தச் சுமை ஏறும்போது சத்தம் வருகிறதோ அதே சுமையை நிறுத்திய வண்டியில் உண்டாக்கிப் பார்த்தால் ஆள் சிக்கிவிடுவான். காதை வைத்து இடம் தேடுவது அதற்கப்புறம்.

பழைய ஸ்பேனர் (#3)

இவ்ளோ யோசிக்க வேணாம் ப்ரோ. 80 ஆயிரம் ஓடின வண்டில சின்ன மேட்டுக்கு டொக்குன்னா பெரும்பாலும் லிங்க் ராடுதான். முன்பக்க சாமான்லயே விலை கம்மி அதுதான், ஒரு மணி நேர வேலை. ரெண்டு பக்கமும் ஜோடியா மாத்திட்டு ஓட்டிப் பாருங்க. சத்தம் இருந்தா அப்புறம் மத்ததைப் பார்த்துக்கலாம்.

திருப்புளி (#4)

ஸ்பேனர் அண்ணே, லிங்க்காக இருக்க வாய்ப்பு அதிகம் என்பதில் எனக்கும் மறுப்பில்லை. ஆனால் மாற்றுவதற்கு எவ்வளவு வேலையோ, கழற்றிப் பார்ப்பதற்கும் அதே வேலைதான்; காசு மட்டும் செலவில்லை. முதலில் கழற்றி ஓட்டட்டும்.

மூன்றாம்கியர், முறை இதுதான். சமதரையில் பின்சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, முன்பக்கம் இரண்டையும் சேர்த்துத் தூக்கி ஸ்டாண்டில் உட்கார வையுங்கள். ஒரு பக்கம் மட்டும் ஜாக்கி போட்டால் ஸ்டெபிலைசர் முறுக்கிக்கொண்டு நிற்கும். லிங்க்கைக் கழற்றவும் வராது, அதில் ஆட்டம் இருந்தாலும் கைக்குத் தெரியாது. நட்டைத் திருப்பும்போது பால் தண்டும் கூடவே சுற்றும். தண்டு நுனியில் ஆலன் கீ துளையோ, மூட்டை மூடும் ரப்பர் உறையான பூட்டுக்குப் பக்கத்தில் ஸ்பேனர் பிடிக்கத் தட்டையான இடமோ இருக்கும். அதைப் பிடித்துக்கொண்டு திருப்புங்கள். துருப்பிடித்திருந்தால் மரையைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, துரு நீக்கி அடித்து ஊறவிட்டுத் தொடங்குங்கள்.

இரண்டு லிங்க்கையும் முழுதாக எடுத்துவிடுங்கள். ஒன்றை மட்டும் எடுத்தாலும் கம்பியில் முறுக்கு ஏறாதுதான், ஆனால் மிச்சமிருக்கும் லிங்க் கம்பியின் எடையில் தானே ஆடித் தட்டும். கம்பியின் நுனிகள் டயரிலோ ஆக்ஸிலிலோ படாதபடி பார்த்துக் கட்டிவிடுங்கள். 30 கி.மீ. வேகத்தைத் தாண்டாமல், ஆள் நடமாட்டமில்லாத அதே மோசமான ரோட்டில் ஓட்டுங்கள். வளைவில் வண்டி வழக்கத்தைவிட அதிகம் சாயும், அதற்கேற்ப மெதுவாக.

சத்தம் முழுக்க நின்றால் லிங்க் அல்லது ஸ்டெபிலைசர் புஷ். குறைந்து, மிச்சம் இருந்தால் இன்னொன்றும் இருக்கிறது. கொஞ்சமும் மாறவில்லை என்றால் லிங்க்கைத் திரும்பப் போட்டுவிட்டு ஸ்ட்ரட் பக்கம் போகலாம்.

கழற்றின லிங்க்கைக் கையில் வைத்துத் தண்டை ஆட்டிப் பாருங்கள். நல்ல ஜாயிண்ட் கொஞ்சம் முரண்டு பிடித்து, ஒரே சீராக நகரும். தன் எடையில் தானே தொங்கிவிழுந்தால் தேய்ந்தது. மேலும் கீழும் அழுத்தும்போது ‘க்ளிக்’ என்றால் போயே போயிற்று.

மூன்றாம்கியர் (#5)

சரி. ஆனால் லிஃப்டில் தொங்கும்போது ஏன் எல்லாமே டைட்டாகத் தெரிந்தது? சக்கரத்தைப் பிடித்து நன்றாகத்தான் ஆட்டினார்கள்.

திருப்புளி (#6)

தொங்குவதுதான் காரணம். பால் ஜாயிண்ட் எதுவும் தன் முழு வீச்சிலும் சமமாகத் தேயாது. வண்டி தரையில் நிற்கும் கோணத்தைச் சுற்றித்தான் தேயும். சக்கரம் முழுக்கத் தொங்கும்போது தண்டு சாய்ந்து, பால் தேயாத இடத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். கைக்கு டைட்டாகத்தான் இருக்கும். லோயர் ஆர்ம் புஷ்ஷிலும் இதே கதை. ஆர்ம் கீழே இறங்கியதால் ரப்பர் ஒரு பக்கமாக முறுக்கி இழுபட்டு, கிழிசல் மூடிக்கொள்ளும். ஸ்ட்ரட் மேல் மவுண்டில் வண்டியின் எடையே இல்லை. ஓடும்போது அந்த மூலையில் நூற்றுக்கணக்கான கிலோ ஏறி இறங்குகிறது, கையால் ஆட்டி அதைக் கொண்டுவர முடியுமா?

தொங்கவிட்டுப் பார்க்கவேண்டியதும் ஒன்று உண்டு: லோயர் பால் ஜாயிண்ட். மேக்ஃபர்சனில் வண்டியின் எடை ஸ்பிரிங் வழியாக நேராக நக்கிளுக்கு (சக்கரத்தைத் தாங்கித் திரும்பும் வார்ப்பு) போகிறது. ஆகவே சக்கரத்தைத் தொங்கவிட்டால் கீழ் ஜாயிண்ட் தளர்வாக இருக்கும், ஆர்முக்கும் நக்கிளுக்கும் இடையில் நீளக் கம்பியைக் கொடுத்து நெம்பினால் ஆட்டம் தெரிந்துவிடும். இரட்டை விஷ்போன் (மேலும் கீழும் தனித்தனி ஆர்ம்) வைத்து, ஸ்பிரிங் கீழ் ஆர்மில் உட்காரும் வண்டிகளுக்கு இது தலைகீழ். அங்கே ஜாக்கியைக் கீழ் ஆர்முக்கு அடியில், ஜாயிண்ட்டை ஒட்டி வைத்துத் தூக்கினால்தான் சுமை விலகும். இந்த வேறுபாட்டைக் கவனிக்காமல் போட்ட ‘ஜாயிண்ட் ஓகே’ சர்டிபிகேட்டுக்கு மதிப்பில்லை.

நெம்பும்போது பூட்டைக் கிழித்துவிடாதீர்கள். கிழிந்தால் தண்ணீரும் மண்ணும் உள்ளே போகும், நல்ல ஜாயிண்ட்டும் கெட்டுப்போகும்.

ரப்பர்புஷ் (#7)

சக்கரத்தை ஆட்டும் சோதனையைச் சரியாகச் செய்தால் அதற்கும் மதிப்பு உண்டு என்பதைச் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். மேலும் கீழும், அதாவது 12 மணி, 6 மணி இடங்களில் பிடித்து ஆட்டினால் வீல் பேரிங், லோயர் பால் ஜாயிண்ட். பக்கவாட்டில் 9 மணி, 3 மணி இடங்களில் ஆட்டினால் ரேக்கையும் நக்கிளையும் இணைக்கும் டை ராடின் இரண்டு மூட்டுகள்: சக்கரப் பக்கம் டை ராட் எண்டு, ரேக் பக்கம் ரேக் எண்டு. பேரிங்கும் இதில் தெரியும். ஆட்டம் இருந்தால் இன்னொருவரை உள்ளே உட்காரவைத்து பிரேக்கை மிதிக்கச் சொல்லி, மறுபடி ஆட்டுங்கள். மிதித்ததும் ஆட்டம் மறைந்தால் வீல் பேரிங். டிஸ்க்கை கேலிபர் பிடித்து நக்கிளோடு கட்டிப்போட்டுவிடுவதால் பேரிங்கின் தளர்வு வெளியே தெரியாது. மிதித்தும் அப்படியே இருந்தால் ஜாயிண்ட்.

இப்போது ரிவர்ஸ் ‘டக்’. முதலில் பேட்டை விலக்கிவிடலாம், அதற்குக் கருவியே வேண்டாம். ரிவர்ஸில் ஊர்ந்து பிரேக் மிதியுங்கள், ‘டக்’ வரட்டும். திசையை மாற்றாமல், திரும்பவும் ரிவர்ஸிலேயே ஊர்ந்து மிதியுங்கள். பேட் என்றால் முதல் தடவை மட்டும்தான் தட்டும். பிராக்கெட்டின் மறு ஓரத்துக்கு அது நகர்ந்தாகிவிட்டது, முன்னால் போய் பிரேக் பிடிக்கும்வரை அங்கேயே இருக்கும். ஒவ்வொரு மிதிக்கும் ‘டக்’ வந்தால் ஆர்ம் புஷ் அல்லது சப்ஃபிரேம்.

புஷ்ஷைப் பார்க்க வண்டி தரையில் சக்கரத்தின்மேல் நிற்கவேண்டும். பள்ளம் இருக்கும் ஒர்க்‌ஷாப்போ, சக்கரம் ஏறி நிற்கும் நான்கு தூண் லிஃப்டோ உத்தமம். ஒருவர் பிரேக்கை அழுத்திப் பிடித்துக்கொண்டு முதல் கியரும் ரிவர்ஸும் மாற்றி மாற்றி கிளட்ச்சைக் கொஞ்சமாக விடட்டும். நீங்கள் பக்கவாட்டிலிருந்து பின் புஷ்ஷைப் பாருங்கள். வண்டிக்கு முன்னாலும் பின்னாலும் யாரும் நிற்கக்கூடாது. நல்ல புஷ் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் அசைந்து திரும்பும். கெட்டதில் நடு உருளை தாவி ஓரத்தில் முட்டுவதைக் கண்ணால் பார்க்கலாம்.

ரப்பரின் மேல்தோலில் நூல்போல வெடிப்பு இருப்பதைக் காட்டி ஆர்மை மாற்றச் சொல்வார்கள். அது வயசான ரப்பரின் தோற்றம், அவ்வளவே. ரப்பர் உலோக உருளையை விட்டுப் பிரிந்திருக்கிறதா, வெடிப்பு ஆழமாகப் போய் மறுபக்கம் வெளிச்சம் தெரிகிறதா, இதைத்தான் பார்க்கவேண்டும். சில மாடல்களில் பின் புஷ்ஷுக்குள் திரவம் இருக்கும். அது ஒழுகி அடியில் கருப்பாக ஈரக்கறை இருந்தால் ஆட்டம் பார்க்கவே தேவையில்லை.

சப்ஃபிரேம் போல்ட்டைச் சுற்றி அழுக்கு நீங்கி உலோகம் பளபளவென்று தெரிகிறதா என்றும் ஒரு பார்வை. நகரும் இடம் தன்னைத்தானே தேய்த்துக் காட்டிக்கொடுக்கும்.

பழைய ஸ்பேனர் (#8)

பேட் டெஸ்ட் நல்லா இருக்கு. இன்னொண்ணு: டொக் வர்ற ரோட்டுல போகும்போதே பிரேக்கை லேசா, வேகம் குறையாத அளவுக்குத் தொட்டுப் பாருங்க. சத்தம் உடனே நின்னா கேலிபர்தான். ஸ்லைடு பின் தேஞ்சிருக்கும், இல்லன்னா பேட்டைப் பிடிக்கிற கிளிப் விழுந்திருக்கும். இதை சஸ்பென்ஷன்னு நினைச்சு ஷாக்கை மாத்தினவங்க நிறைய.

அடியில படுக்கறதுக்கு முன்னாடி ஸ்டெப்னி, ஜாக்கி, பேட்டரி கிளாம்ப், பானெட் ரப்பர், மட்கார்டு உள் லைனர், வீல் நட் எல்லாத்தையும் ஒரு கை அழுத்திப் பார்த்துருங்க. டயர்ல காத்து அளவுக்கு மேல இருந்தாலும் சின்ன சத்தம்கூட பெருசா கேக்கும்.

அப்புறம், ஸ்டாண்டு போடாம வெறும் ஜாக்கி மேல நிக்கிற வண்டிக்கு அடியில தலையை நீட்டாதீங்க.

மூன்றாம்கியர் (#9)

செய்து பார்த்தவை:

பேட்: பிரேக்கை லேசாகத் தொட்டாலும் ‘டொக்’ நிற்கவில்லை. ரிவர்ஸில் ஒவ்வொரு மிதிக்கும் ‘டக்’ வருகிறது. ஆகவே பேட் இல்லை.

லிங்க் கழற்றி ஓட்டியதில் ‘டொக்’ நன்றாகக் குறைந்தது, முழுக்க நிற்கவில்லை. கையில் பார்த்தால் இடது லிங்க் முரண்டாக, நன்றாக இருக்கிறது. வலது லிங்க்கின் கீழ் ஜாயிண்ட்தான் தொங்குகிறது, ‘க்ளிக்’ சத்தமும் வருகிறது. சத்தம் இடதுபக்கம்தானே கேட்டது?

திருப்புளி (#10)

உலோகம் சத்தத்தைக் கடத்தும். ஸ்டெபிலைசர் பார் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு ஓடும் ஒரே துண்டு, சப்ஃபிரேமும் அப்படியே. வலதில் தட்டினால் இடதில் கேட்பதில் அதிசயமில்லை. ஆனால் உங்கள் வண்டியில் மிச்சமிருக்கும் சத்தம் நிஜமாகவே இடதாக இருக்கலாம். மூன்றாவது சத்தத்தோடு சேர்த்துப் பார்த்தால் எனக்கு இடது ஸ்ட்ரட் மவுண்ட்மேல் கண்.

பானெட்டைத் திறந்து ஸ்ட்ரட் உச்சியில் இருக்கும் ரப்பர் மூடியை எடுங்கள். சில வண்டிகளில் வைப்பர் அடித்தட்டைக் கழற்றினால்தான் தெரியும். இரண்டு சோதனை.

வண்டி தரையில் நிற்க, ஒருவர் மட்கார்டை அழுத்தி அழுத்தி விடட்டும். நீங்கள் இரண்டு விரலை உச்சி நட்டின்மேலும் பாடியின்மேலும் சேர்த்து வையுங்கள். இரண்டுக்கும் நடுவில் ‘டிக்’ என்று தனி அசைவு தெரிந்தால் மவுண்ட் ரப்பர் விட்டுப்போயிருக்கிறது அல்லது உச்சி நட் தளர்ந்திருக்கிறது. தளர்ந்த நட்டும் கெட்ட ஷாக்கும் ஒரே மாதிரிதான் தட்டும்.

அடுத்து இன்ஜினை ஓடவிட்டு, ஒருவர் ஸ்டீயரிங்கை இந்த லாக்கிலிருந்து (ஒடிக்க முடிந்த கடைசி எல்லை) அந்த லாக்குக்கு மெதுவாக ஒடிக்கட்டும். நீங்கள் சக்கர வளைவுக்கு மேலிருந்து கையை நீட்டி ஸ்பிரிங்கின் வெளிப்புறத்தில் விரல் நுனியை வையுங்கள். சுருளுக்கு நடுவில் விரலை விடக்கூடாது. பேரிங் நன்றாக இருந்தால் ஸ்பிரிங் ஸ்டீயரிங்கோடு சேர்ந்து சீராகத் திரும்பும். இறுகியிருந்தால் கொஞ்ச தூரம் வராமல் நின்று, பிறகு துள்ளி வரும். அந்தத் துள்ளல்தான் உங்கள் ‘டொய்ங்’. இரண்டு பக்கமும் பாருங்கள், ஒப்பிட்டால் சந்தேகமே இருக்காது.

ஸ்பிரிங்கின் கடைசிச் சுருளையும் டார்ச் அடித்துப் பாருங்கள். நுனியில் ஒரு துண்டு உடைந்து கீழ்த் தட்டிலேயே கிடந்தாலும் ‘டொய்ங்’ வரும், மேலோட்டமாகப் பார்த்தால் கண்ணில் படாது.

இடதுகை_லாக் (#11)

இழைக்கு நடுவில் நுழைகிறேன். எனக்கு மேடுபள்ளத்தில் சத்தம் இல்லை. நின்ற வண்டியில் ஸ்டீயரிங்கை நடுவில் வைத்துச் சின்னதாக இடதும் வலதும் ஆட்டினால் ‘கடக் கடக்’ என்று கைக்கே தெரிகிறது. ரேக் போய்விட்டது என்று ஒருவர், கப்ளர் என்று இன்னொருவர். எப்படிப் பிரிப்பது?

ரப்பர்புஷ் (#12)

சக்கரம் தரையில் நிற்க, இன்ஜின் ஓட, ஒருவர் ஸ்டீயரிங்கை நடுவிலிருந்து இரண்டு பக்கமும் ஒரு கையகலம் வேகமாக ஆட்டிக்கொண்டே இருக்கட்டும். மற்றவர் சக்கரத்திலிருந்து உள்நோக்கி ஒவ்வொரு மூட்டாகக் கை வைத்துக்கொண்டு வரவேண்டும். விசை வந்தும் அடுத்த துண்டு தாமதமாக நகரும் இடம்தான் ஆட்டம்.

டை ராட் எண்டு: சாக்கெட்டையும் நக்கிளின் கையையும் சேர்த்துப் பிடித்தால் நடுவில் தட்டுவது விரலுக்குத் தெரியும்.

ரேக் எண்டு: ரேக்கின் துருத்தி பூட்டுக்கு உள்ளே ஒளிந்திருக்கும். பூட்டைக் கையால் அமுக்கி உள்ளிருக்கும் ஜாயிண்ட்டைப் பிடித்துப் பாருங்கள். பிளாஸ்டிக் பூட் என்றால் உள் கிளாம்ப்பை விடுவித்து நகர்த்தவேண்டும்.

ரேக் புஷ்: பினியன் (ரேக்கைத் தள்ளும் சிறு பல்சக்கரம்) இல்லாத முனையில் ரேக் கம்பியைத் தாங்கும் புஷ் தேய்ந்தால், சக்கரத்தைத் தூக்கிவிட்டு அந்தப் பக்க ரேக் எண்டை மேலும் கீழும் தள்ளும்போது ‘டொக் டொக்’ என்று ஆடும். கல் ரோட்டில் ஸ்டீயரிங்கிலேயே அதிர்வு தெரிவதும் இதன் அடையாளம்.

இவை எதிலும் இல்லையென்றால் உள்ளே வாருங்கள். பெடல்களுக்கு மேலே, ஸ்டீயரிங் தண்டையும் ரேக்கையும் இணைக்கும் இடைத் தண்டின் யுனிவர்சல் ஜாயிண்ட் இருக்கும். அதன் இரு நுகங்களிலும் விரல் வைத்தால் ஆட்டம் பிடிபடும். அதுவும் நன்றாக இருந்தால்தான் கப்ளர். மோட்டார் ஸ்டீயரிங் தண்டிலேயே பொருத்தப்பட்ட எலக்ட்ரிக் ஸ்டீயரிங் சிலவற்றில், மோட்டாருக்கும் வார்ம் கியருக்கும் நடுவில் நட்சத்திர வடிவ ரப்பர் கப்ளர் ஒன்று உண்டு. அது நொறுங்கினால் திசை மாறும் ஒவ்வொரு தடவையும் ‘க்ளிக்’ வரும். சத்தம் டாஷ்போர்டுக்குள் கேட்கும், பானெட்டுக்குள் இல்லை. பாகம் சிறியது, கழற்றும் வேலை பெரியது. ஏர்பேக் இருப்பதால் பேட்டரியைக் கழற்றி, மேனுவல் சொல்லும் நேரம் காத்திருந்துதான் தொடவேண்டும்.

ரேக்கின் அழுத்தத் தாங்கி நட்டைக் கால் சுற்று இறுக்கினால் சத்தம் போய்விடும் என்று யாராவது சொன்னால் உடனே சம்மதிக்காதீர்கள். அளவு தாண்டினால் ஸ்டீயரிங் வளைவிலிருந்து தானாக நடுவுக்குத் திரும்பாது. தேய்ந்த ரேக் நடுவில் தளர்வாகவும் ஓரங்களில் இறுக்கமாகவும் இருக்கும். நடுவுக்கு ஏற்ப இறுக்கினால் லாக் பக்கம் பிடித்துக்கொள்ளும். மேனுவல் அளவு கையில் இல்லாமல் அதைத் தொடவே கூடாது.

இடதுகை_லாக் (#13)

இடைத் தண்டின் யுனிவர்சல் ஜாயிண்ட்டில் தெளிவாகத் தட்டுகிறது. ரேக்கைத் தொடவேண்டிய வேலையில்லை போல. நன்றி.

ரப்பர்புஷ் (#14)

மாற்றும்போது ஸ்டீயரிங்கை நடுவில் வைத்து பெல்ட் போட்டுக் கட்டிவிடுங்கள். தண்டைக் கழற்றிய பிறகு ஸ்டீயரிங் சும்மா சுற்றினால் உள்ளே இருக்கும் கிளாக் ஸ்பிரிங் (ஹாரனுக்கும் ஏர்பேக்குக்கும் மின்சாரம் கொண்டுபோகும் சுருள் நாடா) அறுந்துவிடும். ஹாரனும் போகும், ஏர்பேக் விளக்கும் எரியும். பழைய தண்டும் அது கோத்திருக்கும் பல்தண்டும் சேரும் இடத்தில் பெயிண்ட்டால் கோடு போட்டுக்கொள்ளுங்கள்.

மூன்றாம்கியர் (#15)

ஸ்பிரிங் இடதில் துள்ளுகிறது, வலதில் சீராகத் திரும்புகிறது. இடது உச்சி நட்டில் விரல் வைத்தால் ‘டிக்’ உண்டு. நட் டைட்டாகத்தான் இருக்கிறது, ஆகவே ரப்பர். ஸ்பிரிங் உடையவில்லை. லோயர் ஆர்மில் இடது பின் புஷ்ஷின் ரப்பர் பாதிச் சுற்று உருளையை விட்டுப் பிரிந்திருக்கிறது. ரிவர்ஸில் தாவுவதைப் பார்த்தோம். லோயர் பால் ஜாயிண்ட், டை ராட் எண்டு, ரேக் எண்டு எல்லாம் ஆட்டமில்லை. ஷாக்கின் உடலில் லேசான எண்ணெய்ப் படலம் மட்டும், ஒழுகல் இல்லை.

பாகம் வரும்வரை ஓட்டலாமா? ஆர்மை முழுதாக வாங்குவதா, புஷ் மட்டும் போதுமா?

திருப்புளி (#16)

லிங்க்கும் மேல் பேரிங்கும் சத்தம்தான் போடும், உடனே ஆளைக் கவிழ்க்காது. பின் புஷ் அப்படியில்லை. கடுமையாக பிரேக் பிடித்தால் சக்கரம் பின்னால் நகர்ந்து வண்டி ஒரு பக்கம் இழுக்கும். அவசியத்துக்கு மட்டும், மெதுவாக. லோயர் பால் ஜாயிண்ட்டிலோ டை ராட் எண்டிலோ ஆட்டம் இருந்திருந்தால் பதில் வேறு: வண்டியை எடுக்காதீர்கள். அது கழன்றால் சக்கரம் தன் இஷ்டத்துக்கு மடியும்.

ஷாக்கில் லேசான படலம் சாதாரணம். சொட்டினால், அல்லது உடல் நெடுக ஈரமாகி மண் அப்பியிருந்தால் மட்டும் ஷாக் மாற்றுங்கள், அப்போது ஜோடியாக. மவுண்ட்டுக்காக எப்படியும் ஸ்ட்ரட்டைப் பிரிக்கிறீர்கள், தண்டை அழுத்தியும் இழுத்தும் பாருங்கள். வீச்சு முழுக்க ஒரே எதிர்ப்பு இருக்கவேண்டும். நடுவில் சட்டென்று தொய்ந்தால் உள்ளே வால்வு போய்விட்டது.

பால் ஜாயிண்ட்டும் 82,000 கி.மீ. ஓடியிருப்பதால் ஜாயிண்ட்டோடு வரும் முழு ஆர்ம் வாங்குவது என் கட்சி. புஷ்ஷை மட்டும் அமுக்க ஹைட்ராலிக் பிரஸ்ஸும் சரியான அளவு உருளைகளும் வேண்டும். பின் புஷ்ஷில் பெரும்பாலும் திசைக்குறி உண்டு, கோணம் மாறினால் சீக்கிரம் கிழியும்.

பழைய ஸ்பேனர் (#17)

ஆர்ம் மாத்தும்போது எல்லாரும் கோட்டை விடற இடம் ஒண்ணு இருக்கு. புஷ் போல்ட்டை சக்கரம் தொங்கும்போது முழுசா இறுக்கிடறாங்க. அந்த நிலையிலயே ரப்பர் உருளையோட பூட்டிக்கும். வண்டியை இறக்கினதும் ரப்பர் முறுக்கிக்கிட்டே நிக்கும். சில மாசத்துல புது புஷ்ஷும் கீச்சுனு கத்தும், அப்புறம் கிழியும். கடைசில ‘டூப்ளிகேட் சாமான்’னு கடைக்காரன்மேல பழி.

வேலை தொடங்கறதுக்கு முன்னாடி, சமதரையில வண்டி நிக்கும்போதே சக்கர மையத்துலேர்ந்து மட்கார்டு விளிம்பு வரைக்கும் டேப் வச்சு அளந்து எழுதிக்கோங்க. புது ஆர்மைப் போட்டு போல்ட்டைக் கையால மட்டும் முடுக்குங்க. அப்புறம் நக்கிளுக்கு அடியில ஜாக்கி வச்சு அதே அளவு வர்ற வரைக்கும் தூக்கி, அப்பதான் டார்க் ரென்ச்சால (இறுக்கற விசையை அளந்து காட்டற ஸ்பேனர்) இறுக்கணும். டார்க் எவ்வளவுன்னு உங்க மாடல் மேனுவல்ல பாருங்க. பொது நம்பர் யாராவது சொன்னா நம்பாதீங்க. கோணம் சொல்லி இறுக்கற போல்ட்டா இருந்தா அது நீண்டுக்கற ஜாதி, புதுசுதான் போடணும்.

பால் ஜாயிண்ட் வரலைன்னா தண்டுல அடிக்காதீங்க. நக்கிளோட காதுல பக்கவாட்டுல அடிங்க, இல்ல புல்லர் போடுங்க. காட்டர் பின் இருக்கிற நட்டுல துளை நேரா வரலைன்னா இன்னும் கொஞ்சம் இறுக்கித்தான் நேராக்கணும், தளர்த்தி நேராக்கக் கூடாது.

ரப்பர்புஷ் (#18)

ஸ்ட்ரட் பிரிப்பதற்கு: அமுக்கிய ஸ்பிரிங் துப்பாக்கிக்குச் சமம். கம்ப்ரஸர் கொக்கிகள் எதிரெதிரே, மாற்றி மாற்றிச் சில சுற்றாக இறுக்குங்கள். ஸ்பிரிங் இரண்டு தட்டிலிருந்தும் தளர்ந்து கையால் சுழலும்வரை உச்சி நட்டில் கை வைக்கக்கூடாது. தண்டின் நேர்முன் முகத்தை வைக்காதீர்கள். கம்ப்ரஸர் தரமானதாக இல்லையென்றால் ஸ்ட்ரட்டை மட்டும் கழற்றி ஒர்க்‌ஷாப்பில் கொடுப்பதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை.

உச்சி நட்டுக்கு இம்பாக்ட் கன் வேண்டாம்; ஷாக் தண்டு சீலுக்குள் வேகமாகச் சுழன்று ஒழுகத் தொடங்கும். தண்டை ஆலன் கீயால் பிடித்து, நட்டைக் கையால்.

சேர்க்கும்போது ஸ்பிரிங் நுனி கீழ்த் தட்டின் படியில் சரியாக உட்காரவேண்டும். பேரிங்குக்கு மேல்பக்கம், கீழ்பக்கம் உண்டு; கழற்றும்போதே ஒரு படம் எடுத்துவிடுங்கள். மவுண்ட்டும் பேரிங்கும் சேர்த்தே மாற்றுங்கள். பம்ப் ஸ்டாப் (ஷாக் அடிமுட்டாமல் தடுக்கும் கட்டை) நொறுங்கியிருந்தால் அதையும். நக்கிளோடு சேரும் இரண்டு போல்ட்டின் நிலையை முன்பே பெயிண்ட்டால் குறித்தால் கேம்பர் (முன்னாலிருந்து பார்த்தால் தெரியும் சக்கரத்தின் சாய்வு) ஓரளவு பழைய இடத்துக்கு வரும். பிரேக் ஹோஸையும் ஏபிஎஸ் வயரையும் ஸ்ட்ரட்டிலிருந்து முதலில் விடுவித்துவிட்டு, நக்கிளைக் கம்பியால் கட்டித் தொங்கவிடுங்கள். வெளிப்பக்கம் சாயவிட்டால் ஆக்ஸிலின் உள் ஜாயிண்ட் கழன்று வந்துவிடும், அது இன்னொரு நாள் வேலை.

மூன்றாம்கியர் (#19)

ஸ்டெபிலைசர் புஷ் காலையில் மட்டும் லேசாகக் ‘கீச்’ என்கிறது. துரு நீக்கி ஸ்ப்ரே அடிக்கலாமா?

ரப்பர்புஷ் (#20)

பெட்ரோலிய எண்ணெய் ரப்பரை ஊதவைத்து மென்மையாக்கிவிடும். இரண்டு நாள் அமைதி, அப்புறம் புஷ் தளர்ந்து ‘டொக்’. எந்தப் புஷ் என்று உறுதியாகத் தெரிய அந்த ஒன்றின்மேல் மட்டும் தண்ணீரைப் பீய்ச்சி வண்டியைக் குலுக்குங்கள். கீச் நின்றால் அதுதான். தற்காலிகத்துக்கு சிலிகான் ஸ்ப்ரே. மாற்றும்போது புது புஷ்ஷை சிலிகான் கிரீஸ் தொட்டுப் போடலாம். ஆனால் கம்பியோடு ஒட்டியிருக்கும் வகை என்றால் கிரீஸே கூடாது.

திருப்புளி (#21)

எல்லாம் முடிந்ததும் அலைன்மென்ட் கட்டாயம். ஆர்மும் ஸ்ட்ரட்டும் மாறினால் கேம்பர் மாறும், கேம்பர் மாறினால் டோவும் (மேலிருந்து பார்த்தால் சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் கோணம்) மாறும். அளவு எவ்வளவு நுணுக்கம் என்பதற்கு ஒரு கணக்கு: டை ராட் மரை ஒரு சுற்றுக்கு 1.5 மி.மீ. நகர்ந்தால், 12 செ.மீ. நீள நக்கிள் கையில் சக்கரம் ஏறக்குறைய 0.7 டிகிரி திரும்பிவிடும். பெரும்பாலான வண்டிகளுக்கு அனுமதிக்கும் டோ வித்தியாசம் அதில் ஒரு சின்னப் பங்குதான். கண்மதிப்பில் வைக்கிற வேலை இல்லை. அலைன்மென்ட் முடித்தபின் ஸ்டீயரிங் கோண சென்சாரை நடுவுக்குக் காலிபரேட் செய்யச் சொல்லுங்கள்.

வீல் நட்டை 50–100 கி.மீ. ஓடியபின் டார்க் ரென்ச்சால் ஒரு தடவை சரிபாருங்கள். லிங்க் நட்டுகளையும் அப்போதே பார்த்துவிடலாம். பழைய லாக் நட்டைத் திரும்பப் போட்டிருந்தால் முதலில் தளர்வது அதுதான். இடது லிங்க் நன்றாக இருந்தாலும் வலதோடு சேர்த்து மாற்றிவிடுங்கள். இந்த ஒரு விஷயத்தில் ஸ்பேனர் அண்ணன் சொன்னது சரி.

பழைய ஸ்பேனர் (#22)

ஒரு விஷயத்துலயாவது ஒத்துக்கிட்டீங்களே. இம்பாக்ட் கன்னை லிங்க் நட்டுலயும் வைக்காதீங்க, தண்டு சுத்தி புது பூட்டே முறுக்கிக் கிழிஞ்சுரும்.